குழாயடியில் நிற்கும் அம்மையாருக்கு

மலையின் மனமறிந்த மாண்பாளரே! மழையின் மொழியறிந்த மதியாளரே! மண் அசையுமுன் மனிதரை அசைக்க வல்ல வித்தகரே! கையில் ஒரு விசிலும் காலில் ஒரு ரப்பர்ச் செருப்புமாகக் கல்லிலும் முள்ளிலும் நடந்து, பேரிடர்த் தடுப்பு அலுவலகத்தின் களப் பயிற்றுநராகப் பல்லாண்டு பணியாற்றி, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அம்மையீர்! வணக்கம்.

இவ்வளவு படித்ததற்கே தாங்கள் நாற்காலியில் நெளிய ஆரம்பித்திருப்பீர்கள். “அட போதும்ப்பா, உக்காருங்க, டீ ஆறுது” என்று குறுக்கே புகுந்துவிடுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இந்த இடத்திலிருந்து மடல் தங்களைப் பார்த்துப் பேசாது. தாங்கள் இந்த அறையிலேயே இல்லாதது போலவும், வேறு யாரோ ஓர் அம்மாளைப் பற்றி நாங்கள் அவையோரிடம் சொல்லிக்கொண்டிருப்பது போலவும் இது நடக்கும். தங்களைப் பற்றித்தான் என்று தோன்றினாலும் தயவுசெய்து குறுக்கிட வேண்டாம். ஒட்டுக்கேட்கிறவருக்கு அந்த உரிமை கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறோம். இது பாராட்டு மடல்தான். பாராட்டுவதற்கு மட்டும் எழுதியதல்ல. இந்த விழா முடிந்ததும் அந்த அம்மாள் எழுந்து, வெடிப்பு விட்டிருக்கும் ஒரு மலைச்சரிவின் கீழே, முதலாவதாக இருக்கும் வீட்டுக்குப் போவார். மழைக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. அவரை அங்கே போகவிடாமல் தடுக்க எங்களுக்குத் தெரிந்த வழிகளெல்லாம் தோற்றுவிட்டன. மீதியிருப்பது இந்த ஒரு காகிதம்தான்.

அவர் இங்கே பணியில் சேர்ந்த காலத்தில், பேரிடர் விழிப்புணர்வு என்பது ஆண்டுக்கு ஒருமுறை தலையில் தண்ணீர் தெளித்துவிடுகிற காரியம். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் போகும். ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் துண்டுப் பிரசுரங்களை வீசுவார். பிரசுரத்தில் ஓடுகிற மனிதர் ஒருவரின் படம், அவருக்குப் பின்னால் மலை, அடியில் எங்கள் தொலைபேசி எண். மறுநாள் அதே காகிதத்தில் மளிகைக்கடைக்காரர் மிளகு மடித்துத் தருவார். நாங்களும் கூசாமல் வாங்கி வருவோம்.

புதிதாக வந்த அந்த அம்மாள் பிரசுரக் கட்டைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, அன்றைய அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

“காகிதம் ஓடாதுங்க சார். கால்தான் ஓடும். காலுக்குச் சொல்லிக் குடுக்கணும்.”

“காலுக்குக் காது இருக்கா?” என்றார் அதிகாரி.

அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுநாள் காலையில் கீழத்தெருவுக்குப் போய்விட்டார்.

கீழத்தெருவைத் தெரியாதவர்கள் இந்த அவையில் ஒருவர் இருவர் இருக்கலாம். மலைச்சரிவின் அடியை ஒட்டி ஒரே வரிசை வீடுகள். எதிர்ப்பக்கம் பள்ளம், பள்ளத்தில் யாரும் விழாமலிருக்க நெடுக ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு. தெரு முடிகிற இடத்தில் பொதுக்குழாய். அந்தக் குழாயடியில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ஏறினால் பள்ளிக்கூடம், வலப்பக்கம் ஏறினால் சந்தைக் கிடங்கு. ஆபத்து வந்தால் மக்கள் போய்ச் சேர வேண்டிய தஞ்சமிடம் பள்ளிக்கூடம் என்று அலுவலக வரைபடம் சொன்னது. அவர் வரைபடத்தை நம்பிவிடவில்லை. தாமே ஏறிப்போய், பள்ளிக்குப் பின்னால் அடர்ந்து நின்ற மரங்களையும் அவற்றின் வேர்களையும் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அதன்பிறகே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அது சரியான இடம்தான்.

அவர் கொண்டுவந்ததுதான் கண்கட்டு ஒத்திகை. எல்லாரும் வாசலுக்கு வர வேண்டும். கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். விசில் கேட்டதும் ஒரு கையால் கம்பித் தடுப்பையும் மறு கையால் முன்னால் போகிறவரின் தோளையும் பிடித்தபடி குழாயடி வரை நடந்து, இடப்பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்து வராந்தாவில் போய் உட்கார வேண்டும்.

“கண்ணாமூச்சி ஆடுற வயசா மேடம் எங்களுக்கு?” என்று கேட்டார்கள்.

“மலை சரியுற அன்னைக்குக் கரண்ட் இருக்காது. மேகம் வந்து தரையில உக்காந்துக்கும். அப்ப நீங்க கண்ணைத் தொறந்து வெச்சாலும் ஒண்ணுதான், மூடி வெச்சாலும் ஒண்ணுதான். கால் கத்துக்கட்டும், கண்ணுக்கு லீவு குடுங்க.”

துணிக்குக் கீழத்தெருத் தையல்காரர் பொறுப்பேற்றார். வெட்டு மிச்சங்களைச் சேர்த்துவைத்து ஓரம் மடித்துத் தைத்து, யார் என்ன சட்டை போட்டிருக்கிறார்களோ அதற்கு ஒத்துப்போகிற நிறத்தில் கொடுப்பார். அந்த அம்மாளுக்குக் கிடைத்த முதல் மாணவரும் அவரே, முதல் தரமான மாணவரும் அவரே. விசில் ஊதுவதற்கு முன்பே கண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். “தூக்கத்துல எழுப்பி விட்டாலும் போயிடுவேன் மேடம். குழாய் சொட்டுற சத்தம் வந்தா இடது பக்கம், அவ்வளவுதானே?” என்பார். வரிசையின் முதலில் எப்போதும் அவர்தான். மற்றவர்கள் அவருடைய தோளை நம்பினார்கள்.

அதே தெருவில் கடை வைத்திருந்த முடிதிருத்துபவர் மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. விசில் சத்தம் தெருவில் கேட்டதுமே யாராவது ஒருவரை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து முகம் முழுக்க நுரையைப் பூசிவிடுவார்.

“பாதி ஷேவ்ல எப்படி மேடம் விட்டுட்டு வர்றது? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அப்படி உட்காரவைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் வீட்டில் மழித்துக்கொண்டு வந்தவர்கள்.

பருவம் தவறாமல் ஒத்திகை நடந்தது. ஆகா, என்னே அந்தக் காட்சி! கண்ணைக் கட்டிய ஒரு தெருவே, கல் தடுக்காமல், கை நழுவாமல், முணுமுணுப்பில்லாமல், முதியவர் முதல் முந்தானையில் முடங்கிய குழந்தை வரை, ஒருவர் தோளில் ஒருவராக வளைந்து போகிற அழகை வெளியூர் அதிகாரிகள் வந்து நின்று பார்த்தார்கள். பிறகு அவர்கள் ஊர்களிலும் செய்துபார்த்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய தங்கை அதைப் பார்த்துவிட்டு, “ஊருக்கே வழி சொல்லிக் குடுக்கிறா. என் கல்யாணத்துக்கு மட்டும் வழி தெரியாம தாலி கட்டினப்புறம் வந்து சேர்ந்தா” என்று சொன்னதை நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

இந்த இடத்தோடு மடலை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் முடிக்கிறார்கள். இப்போதைய அதிகாரியும் வரைவைப் படித்துவிட்டு, “பாராட்டு மடல்ல இதெல்லாமா எழுதுவாங்க? நாலு நல்ல வார்த்தை போட்டு முடிங்கய்யா” என்றார். முழுவதையும் படித்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, முதல் கையெழுத்தை அவரே போட்டார். ஆகவே மேலே படிக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே சரிவை வெட்டி ஒரு சாலை போட்டார்கள். மரங்கள் போயின. அடுத்த கோடையில் பள்ளியின் பின்கதவு சாத்த மறுத்தது. தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போனார், மறுபடியும் மறுத்தது. அந்த அம்மாள் எங்கள் மழைமானி பார்ப்பவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். வேலிக்கால்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பின்சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

“கதவு மேல தப்பில்ல. மலை நகருது. இந்த இடம் இனிமே ஆகாது” என்றார்.

அலைந்து திரிந்து, கையில் காலில் விழாத குறையாகப் பேசி, பிள்ளைகளை வேறு கட்டடத்துக்கு மாற்ற வைத்தார். தஞ்சமிடம் இனிமேல் சந்தைக் கிடங்கு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். குழாயடியில் இடப்பக்க வழியைச் சுவர் வைத்து அடைத்துவிடுங்கள் என்று மேலிடத்தைக் கேட்டார். பள்ளிக்கூடம் இன்னும் வரைபடத்தில் தஞ்சமிடமாகவே இருக்கிறது, தஞ்சமிடத்துக்குப் போகிற வழியை அடைக்க விதி இடம் கொடுக்காது என்று பதில் வந்தது. வரைபடத்தைத் திருத்துங்கள் என்று கேட்டதற்கு அந்தப் பதிலும் வரவில்லை.

புதிய வழிக்கு ஓர் ஒத்திகை நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசை கிளம்பியது. குழாயடி வந்தது. தையல்காரர் இடப்பக்கம் திரும்பினார். தெருவே இடப்பக்கம் திரும்பியது.

“அய்யய்யோ, வலது பக்கம், வலது பக்கம்!” என்று அந்த அம்மாள் கத்தினார். தையல்காரர் துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மூளைக்குத் தெரியுது மேடம். காலுக்குத் தெரியல. நீங்க அப்படிச் சொல்லிக் குடுத்துட்டீங்க, நாங்க என்ன பண்றது?”

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திவிட்டார். இன்னும் சில தடவை நடந்தால் பழகிவிடும் என்றார். அந்த ஆண்டு மழை முன்கூட்டியே வந்துவிட்டது. அந்தச் சில தடவை கிடைக்கவே இல்லை.

அது பட்டப்பகல். ஆனாலும் மேகம் இறங்கித் தெருவை மூடியிருந்தது. மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. மழைமானி பார்ப்பவர் போன் செய்து, இனிப் பொறுக்க முடியாது என்றார். அந்த அம்மாள் தம் விசிலை ஓட்டுநரிடம் கொடுத்துத் தெருவின் தலைமாட்டுக்கு அனுப்பிவிட்டு, கிடங்கின் பூட்டைத் திறந்து விளக்கேற்ற ஓடினார். ஓட்டுநர் விசில் ஊதினார். நடக்க முடியாத பெரியவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்தார். வரிசையின் முதலில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிடங்கு வாசலில் விளக்கோடு நின்றவரிடம் முதலில் வந்து சேர்ந்தவர் முடிதிருத்துபவர். கூடவே பாதி முகத்தில் நுரையோடு ஒரு வாடிக்கையாளர். அன்றைக்கு அது நிஜமான ஷேவ்.

“கிடங்குக்குத்தானே வரச் சொன்னீங்க?” என்றார் மூச்சு வாங்க.

“மத்தவங்க எங்க?”

“எனக்கு முன்னாடியே போனாங்களே மேடம். வரிசையா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. இன்னுமா வரல?”

அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விளக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். குழாயடி வரைதான் ஓட முடிந்தது. அதற்குள் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து சத்தம் வந்துவிட்டது.

எத்தனை பேர் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்த அவையில் சிலருக்கு அது எண்ணிக்கை அல்ல. அம்மா, அண்ணன், மகள். ஓட்டுநரோடு பின்தங்கி வந்தவர்கள் பிழைத்தார்கள். ஒத்திகைக்கு ஒருபோதும் வராமல் சாக்குப்போக்குச் சொன்னவர்கள் பிழைத்தார்கள். ஒழுங்காக வந்தவர்கள், ஒரு தடவைகூடத் தவறாதவர்கள், நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள், அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒவ்வொருவரும் போய்விட்டார்கள். அவர் இதோடு தினமும் எழுந்து பல் துலக்கியிருக்கிறார்.

நிவாரண முகாமில் முடிதிருத்துபவர் அவர் முன்னால் வந்து நின்று அழுதார்.

“நான் ஒரு ஒத்திகைக்கும் வந்ததில்ல மேடம். அதனால வழி எதுன்னு யோசிச்சேன். வந்திருந்தா நானும் யோசிச்சிருக்க மாட்டேன்.”

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல அது. தான் ஏன் உயிரோடு இருக்கிறோம் என்று விளங்காத மனிதர் சொன்னது. ஆனால் குத்திவிட்டது. தையல்காரரின் மனைவி அன்று நூல் வாங்கச் சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தவர். அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “அவருக்கு வழி நல்லாத் தெரியுமே மேடம்” என்றார்.

விசாரணை நடந்தது. களப் பயிற்றுநர்மீது குற்றமில்லை, உரிய முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டிருந்தது என்று முடிவு வந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால் அவர் கொஞ்சம் பிழைத்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மிஞ்சிய குடும்பங்களுக்கு மேட்டில் வீடு கட்டித் தருவோம் என்றார்கள். அடிக்கல் நட்டார்கள். அந்தக் கல் மட்டும் மேட்டில் பத்திரமாக இருக்கிறது. மக்கள் இன்னும் கீழத்தெருவில்தான் இருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு அலுவலகத்தை ஒட்டி இரண்டு அறையும் சமையற்கட்டுமாக நல்ல அரசுக் குடியிருப்பு இருந்தது. ஒரு நாள் அதைக் காலி செய்துவிட்டு, கீழத்தெருவின் முதல் வீட்டை, எவரும் குடிவர அஞ்சிய வீட்டை, வாடகைக்குப் பிடித்தார். பெட்டி படுக்கையை இறக்கிவைத்த ஓட்டுநருக்கு மனசு கேட்கவில்லை.

“எதுக்கு மேடம் இந்த வேலை?”

“மழை புடிச்சா நான் குழாயடியில போய் நிக்கணும். ஆபீஸ்லேருந்து ஓடி வந்தா நேரமாயிடுதுப்பா. ஒரு தடவை ஆயிடுச்சே.”

அன்றிலிருந்து மழை வலுத்தால் அவர் குழாயடிக்குப் போய், இடப்பக்க வழியை மறித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். வழியை அடைக்க அவர் கேட்ட சுவர் இன்னும் வரவில்லை. ஏனென்றால் இடிந்து மண்ணாகிப்போன பள்ளிக்கூடம் வரைபடத்தில் இன்னும் இடியாமல் இருக்கிறது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார். வருகிறவர்களைத் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பி விடுகிறார். இன்னும் சிலருடைய கால் இடப்பக்கம்தான் போகிறது. போன மழையில் தையல்காரரின் மனைவியே அவர் நெஞ்சில் வந்து மோதிக்கொண்டார்.

“எவ்வளவு நாளைக்கு இப்படி நிப்பீங்க மேடம்?” என்று ஓட்டுநர் ஒருமுறை கேட்டார்.

“கால் மறக்குற வரைக்கும்.”

“யாரோட கால்?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது நிலைமை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். கீழத்தெருவின் முதல் வீட்டுக்கு நேர் மேலே சரிவில் புதிதாக வெடிப்பு ஓடியிருக்கிறது. மண் நகர்கிறதா என்று பார்க்க மழைமானி பார்ப்பவர் அங்கே அடித்துவைத்த மரமுளைகள் கோடையிலேயே சாய்ந்துவிட்டன. பதறிப்போய் வந்து சொன்னார்.

“தெரியும்” என்றார் அந்த அம்மாள். “எங்க சமையல்கட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது.”

இதைச் சொல்லிவிட்டு அவர் தேநீரை முழுவதும் குடித்தார். எங்கள் கோப்பைகளில் தேநீர் அப்படியே ஆறிப்போனது.

அவர் இடத்துக்கு வேறு ஆள் போடப்போவதில்லை. அலுவலகத்தையே பெரிய அலுவலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் எங்களை ஆளுக்கொரு திசையில் அனுப்புகிறார்கள். குழாயடியில் நாங்கள் முறைபோட்டு நிற்கிறோம், தாங்கள் நிம்மதியாகப் போங்கள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். எழுதினால் அது பொய். முடிதிருத்துபவர் மட்டும், “நான் நிக்கிறேன் மேடம், எனக்குக் கடை அங்கதானே. நீங்க மேல போயிடுங்க” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“ஒரு ஒத்திகைக்குக்கூட வராத ஆளு நீங்க. உங்களை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது?” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று என்பதால் முடிதிருத்துபவராலும் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை.

தங்கை ஓர் அறையைக் காலி செய்து வெள்ளையடித்து, ஜன்னலோரம் கட்டிலும் போட்டு வைத்திருக்கிறார். நேற்று அலுவலகத்துக்கு வந்து, அக்கா இல்லாத நேரம் பார்த்து எங்களிடம் பேசினார்.

“நான் சொல்லி அவ கேக்க மாட்டா. ‘எனக்கென்னடி, நான் இருந்து என்ன’ங்கிறா. நீங்களாவது சொல்லுங்களேன். அவளுக்கு உங்க வார்த்தைன்னா கொஞ்சம் மதிப்பு.”

‘நான் இருந்து என்ன.’ குழாயடியில் நிற்பதற்கு அந்த அம்மாள் சொல்கிற காரணம் ஒன்று. அதற்கு அடியில் இருக்கிற காரணம் இது. அந்த வீட்டில் அவர் காத்திருப்பது மழைக்கு மட்டுமல்ல என்று எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இதை மேடையில் படிக்கக் கூடாதுதான். படித்துவிட்டோம்.

தந்திரம் போதும். அம்மையீர், மறுபடியும் தங்களிடமே பேசுகிறோம்.

தாங்கள் காலுக்குச் சொல்லிக்கொடுத்தது தவறில்லை. மலையை வெட்டியவர்கள் வேறு. வரைபடத்தைத் திருத்தாதவர்கள் வேறு. தாங்கள் கற்றுக்கொடுத்த கண்கட்டு ஒத்திகையால் வேறு ஊர்களில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் முகம்கூடத் தெரியாது. இதையெல்லாம் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறோம். தாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கீழத்தெருவுக்கே போனீர்கள். இன்றும் அப்படித்தான் ஆகும் என்று மனம் சொல்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க எங்களால் ஆகவில்லை.

பணி நிறைவு பெறும் பெருமக்களை நோயற்ற வாழ்வும் குறைவற்ற நலமும் கொண்டு நெடுநாள் வாழ்கவென வாழ்த்துவது மடல்களின் மரபு. அந்த வரியை எங்கள் எழுத்தர் எழுதி எழுதி அடித்தார். வாயால் வாழ்த்திவிட்டு, அந்த வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவதா? ஆகவே வாழ்த்துவதற்குப் பதிலாகக் கேட்டுக்கொள்கிறோம். வாழுங்கள். தயவுசெய்து வாழுங்கள். மழைக்கு முன்னால் அந்த வீட்டைவிட்டு வாருங்கள்.

பள்ளிக்கூடத்து மண்ணைத் தோண்டிய நாட்களில் நம்மில் பலருக்குக் கை கிழிந்தது. கல்லோ தகரமோ கிழித்ததல்ல. சுவரில் மாட்டியிருந்த படங்களின் கண்ணாடி. ஒவ்வொரு கைக்கும் கட்டுப் போட்டுவிட்டவர் தாங்கள். அதன்பிறகு கீழத்தெருவில் வீடு வீடாகப் போய், “மாட்டுற படத்துக்குக் கண்ணாடி வேண்டாம். தேடி வர்றவங்க கை பாவம்” என்று சொல்லிக் கழற்ற வைத்தீர்கள்.

இம்மடலைத் தேக்குச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறோம். கண்ணாடி போடவில்லை. அந்த வீட்டுச் சுவரில் தாங்கள் இதை மாட்டினால், எங்களை எந்த ஊருக்கு அனுப்பியிருந்தாலும், ஒரு நாள் ஓடி வந்து தோண்டப்போகிறவர்கள் நாங்கள்தான். அளவுக்கு வெட்டிய கண்ணாடியைத் தங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டோம். அவர் வெள்ளையடித்த அறையில் வைத்திருக்கிறார். அங்கே வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

இவண்,
கை கூப்பிக் கெஞ்சும்
அதிகாரி, எழுத்தர், ஓட்டுநர், மழைமானி பார்ப்பவர்
மற்றும் பேரிடர்த் தடுப்பு அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்;
உடன் கையொப்பமிட அனுமதி கேட்டு வந்தவர், கீழத்தெரு முடிதிருத்துபவர்.